பொட்டேட்டோ சாலட் யாரு பண்ணினது?

"அடுப்படிப் பக்கமே போகாத ஆளெல்லாம் சமையல் குறிப்பு எழுத வந்துட்டாங்கடா"ன்னு தலைப்பைப் பார்த்ததும் ஓடிடாதீங்க மக்களே. இது சமையல் குறிப்பு மாதிரி ஆரம்பிச்சு வரலாற்றுப் பக்கம் போற பதிவு. கடைசியில செய்முறையும் உண்டு. நடுவுல கொட்டாவி வந்தா ஒரு காபி குடிச்சுட்டு வந்து தொடருங்க :-)

அமெரிக்காவில் ஜூன் மாசம் பொறந்தா போதும், வீட்டுக் கொல்லையிலும் பூங்காக்களிலும் கரி அடுப்பை மூட்டிடுவாங்க. சொந்தபந்தம், அக்கம்பக்கம், ஆபீஸ் ஜனம் எல்லாரும் கூடி, வெட்டவெளியில சமைச்சு அங்கேயே சாப்பிடுறதுக்கு குக்-அவுட்னு பேர். எல்லா இனத்தவரும் இதைச் செய்யறதுதான். ஆனா கறுப்பின மக்களோட குக்-அவுட்டுக்கு எழுதப்படாத சட்டதிட்டங்கள் நிறைய. புதுசா வர்ற விருந்தாளிகிட்ட "நீங்க ஐஸும் பேப்பர் தட்டும் கொண்டாந்தா போதும்"னு மரியாதையா சொல்லிடுவாங்க. கறியை யாராவது ஒருத்தர் சுடுவார். ஆனா மேஜையில பெரிய பாத்திரத்துல பொட்டேட்டோ சாலட் இருக்கு பாருங்க, அதைத் தொடறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "இதை யாரு பண்ணினது?"

பதில் "பெரியம்மா"ன்னு வந்தா தட்டு நிறையும். தெரியாத பேர் வந்தா ஒரு ஸ்பூன், அதுவும் மரியாதைக்கு. 2018 ஏப்ரல்ல "சாட்டர்டே நைட் லைவ்" நிகழ்ச்சியில இதை வச்சே ஒரு நகைச்சுவை வந்துச்சு. பிளாக் பேந்தர் படத்து மன்னர் வேஷத்துலேயே சாட்விக் போஸ்மேன் ஒரு வினாடி வினாவுல உட்கார்ந்திருப்பார். கேரன்னு ஒரு வெள்ளைக்காரத் தோழி உங்க குக்-அவுட்டுக்கு பொட்டேட்டோ சாலட் கொண்டு வர்றாங்க, என்ன செய்வீங்கன்னு கேள்வி. மனுஷன் தீவிரமா யோசிச்சு, இந்தம்மா உப்பு தவிர எதுவும் போட்டிருக்க மாட்டாங்க, வேணாத ஒண்ணா பார்த்து, உலர் திராட்சை மாதிரி எதையாவது சேர்த்திருப்பாங்கன்னு கண்டுபிடிச்சிடுவார். அரங்கமே அதிரும்.

சிரிச்சு முடிச்சப்புறம் எனக்குள்ள அந்தக் கேள்வி மட்டும் நின்னுடுச்சு. யாரு பண்ணினது? ஒரு சாதாரண உருளைக்கிழங்கு சாலட்டுக்கு இவ்வளவு விசாரணையா? அந்தக் கேள்வியையே பிடிச்சுக்கிட்டு பின்னோக்கிப் போனா, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சமையல்காரர் பேர் காணாமப் போயிருக்கு. அதைத்தான் இங்க எழுதப் போறேன்.

பேர் தெரியாத முதல் ஆள்

கொசுவத்தியைக் கொஞ்சம் பெரிசாவே சுத்தணும். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடர். இன்றைய பெருவும் பொலிவியாவும் சந்திக்கிற டிட்டிகாக்கா ஏரியைச் சுத்தின மேட்டுநிலம். பல ஆயிரம் வருஷங்களுக்கு முன்னாடி அங்கதான் உருளைக்கிழங்கைப் பயிராக்கினாங்க. காட்டுக் கிழங்கு சின்னதா இருக்கும், கசக்கும், நஞ்சும் உண்டு. கசப்பு குறைஞ்சதாப் பார்த்துப் பொறுக்கி, மறுபடி நட்டு, மறுபடி பொறுக்கின்னு தலைமுறை தலைமுறையா பண்ணின வேலை அது. ஆண்டிஸில் 4,000க்கு மேற்பட்ட நாட்டு ரகங்கள் இருப்பதாக லிமாவில் உள்ள பன்னாட்டு உருளைக்கிழங்கு மையம் சொல்கிறது. கருநீலம், சிவப்பு, மஞ்சள்னு கலர் கலரா.

கெட்டுப் போகாம வைக்கிறதுக்கும் வழி கண்டுபிடிச்சாங்க. ராத்திரி உறைபனியில கிழங்கைப் பரப்பி வைப்பாங்க. பகல்ல வெயில் பட்டு இளகினதும் காலால மிதிச்சுத் தண்ணியைப் பிழிஞ்சிடுவாங்க. இப்படிப் பல நாள். நம்ம ஊர் வத்தல் மாதிரிதான், ஆனா வெயிலோட உறைபனியும் சேர்ந்து போட்ட வத்தல். சுன்யோன்னு பேர். வருஷக்கணக்குல கெடாது. இன்கா பேரரசின் களஞ்சியங்களில் இது மலைமலையா இருந்துச்சு. 1532ல பிஸாரோ படையோட வந்து இறங்கினார். தங்கமும் வெள்ளியும் ஸ்பெயினுக்குப் போன கதை எல்லா பாடப் புத்தகத்திலும் இருக்கு. அதே நூற்றாண்டிலேயே கிழங்கும் கப்பலேறிடுச்சு. பயிராக்கினவங்க பேர் மட்டும் ஏறல.

எண்ணெய், வினிகர், மிளகு

1597ல லண்டன்ல ஜான் ஜெரார்ட்ங்கிறவர் செடிகொடிகளைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் போட்டார். உருளைக்கிழங்கைத் தணல்ல சுட்டும் சாப்பிடலாம், வேகவச்சு எண்ணெய், வினிகர், மிளகு சேர்த்தும் சாப்பிடலாம்னு அதுல எழுதியிருக்கார். சாலட்ங்கிற பேரை அவர் போடல. ஆனா விஷயம் அதேதானே? இன்னிக்கு ஜெர்மனியின் தெற்குப் பக்கம் போய் ஒரு கிண்ணம் வாங்கினாலும் அடிப்படை இதுதான்.

இதுல ஒரு கூத்து. இந்தக் கிழங்கு வட அமெரிக்காவின் விர்ஜீனியாவிலிருந்து வந்ததுன்னு ஜெரார்ட் எழுதி வச்சுட்டார். பெரு எங்க, விர்ஜீனியா எங்க! அந்தத் தப்பு ரொம்ப நாள் புத்தகத்துக்குப் புத்தகம் ஒட்டிக்கிட்டே வந்துச்சு. "யாரு பண்ணினது?"ங்கிற கேள்விக்கு அச்சுல வந்த முதல் பதில்களில் ஒண்ணே தப்பான விலாசம்.

ஐரோப்பிய ஜனங்க உடனே வாயில வைக்கலை. மண்ணுக்கு அடியில விளையுது, நச்சுச் செடிகளோட குடும்பம், தின்னா தொழுநோய் வரும்னு ஏகப்பட்ட வதந்தி. பசிதான் கடைசியில ஜெயிச்சது. பிரஷ்யாவின் மன்னர் இரண்டாம் ஃபிரெடெரிக், 1756 மார்ச் 24ல ஒரு சுற்றறிக்கையே விட்டார்: அதிகாரிகள் விவசாயிகளுக்கு உருளைக்கிழங்கின் பயனை எடுத்துச் சொல்லி நடவைக்கணும்னு. தானியம் பொய்த்தாலும் மண்ணுக்குள்ள கிழங்கு இருக்கும், படை வந்து வயலை மிதிச்சாலும் ஓரளவு தப்பும். போர் ஓயாத நாட்டுல அது பெரிய விஷயம். பாட்ஸ்டாம் நகரத்துல இருக்கிற அவர் சமாதியில் பூவோட உருளைக்கிழங்கையும் வச்சிட்டுப் போற பழக்கம் இன்னிக்கும் உண்டு.

அதே 1756ல ஆரம்பிச்ச ஏழாண்டுப் போர்ல பிரஷ்யர்களிடம் சிறைப்பட்ட பிரெஞ்சு மருந்தாளர் ஒருத்தர், அந்துவான் பார்மெந்தியே. சிறையில அவருக்குக் கொடுத்தது உருளைக்கிழங்கு. பிரான்சில் அப்போ அதை மாட்டுத் தீவனமா, பன்றித் தீவனமா நினைச்ச காலம். தின்னுட்டு நல்லாத்தான் இருந்தார். ஊர் திரும்பி ஆயுசு முழுக்க அதுக்கு வக்கீலா இருந்தார். 1772ல பாரிஸ் மருத்துவப் பீடம் இது சாப்பிடத் தகுந்ததுன்னு அறிவிச்சது. இன்னிக்கும் பிரெஞ்சு உணவகப் பட்டியல்ல "பார்மெந்தியே"ன்னு இருந்தா அதுல உருளைக்கிழங்கு இருக்குன்னு அர்த்தம். ராஜா பேர் நின்னுச்சு, மருந்தாளர் பேர் நின்னுச்சு. ஆண்டிஸ்காரர்? சொல்லவே வேணாம்.

ரெண்டு ஜெர்மனி

கிழங்கு பழகினப்புறம் ஜெர்மன்காரங்க அதைத் தங்களோடதாவே ஆக்கிக்கிட்டாங்க. கார்ட்டோஃபெல்சலாட். இதுல வடக்கு தெற்கு சண்டை, நம்ம ஊர் சாம்பார்ல வெல்லம் போடலாமா கூடாதாங்கிற சண்டை மாதிரி தீராதது. தெற்கே, பவேரியா, ஸ்வாபியா பக்கம், வெந்த கிழங்கைச் சூட்டோட வில்லை வில்லையா நறுக்கி, சூடான கறிச்சாறு, வினிகர், எண்ணெய், வெங்காயம் சேர்த்து வெதுவெதுன்னு பரிமாறுவாங்க. வடக்கே மயோனைஸ், முட்டை, ஊறவச்ச வெள்ளரி. ஒருத்தர் செய்யறதை இன்னொருத்தர் சாலட்னே ஒத்துக்க மாட்டார். ஆனா கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ராத்திரி, ஜெர்மனியில நிறைய வீடுகள்ல ஆடம்பர விருந்து கிடையாது, சாசேஜும் உருளைக்கிழங்கு சாலட்டும்தான். அந்த விஷயத்துல மட்டும் ரெண்டு பக்கமும் ஒண்ணு.

1848 புரட்சி தோத்தப்புறம் அரசியல் காரணமா கொஞ்சம் பேர், நிலமும் வேலையும் இல்லாம ரொம்பப் பேர்னு, 1820லிருந்து முதல் உலகப்போர் வரைக்கும் 50 லட்சத்துக்கு மேற்பட்ட ஜெர்மானியர்கள் அமெரிக்காவுக்குப் போனாங்க. சின்சினாட்டி, செயின்ட் லூயிஸ், மில்வாக்கி எல்லாம் பாதி ஜெர்மன் ஊர்களாவே ஆயிடுச்சு. பீர் தோட்டம், ஞாயிற்றுக்கிழமை பிக்னிக், வாத்திய கோஷ்டி. கூடவே பெரிய பாத்திரத்துல உருளைக்கிழங்கு சாலட். பன்றிக்கொழுப்புல வதக்கின வெங்காயம், வினிகர், கொஞ்சம் சர்க்கரை போட்ட சூடான வகைக்கு அங்க இன்னிக்கும் "ஜெர்மன் பொட்டேட்டோ சாலட்"னுதான் பேர்.

அப்புறம் 1917 ஏப்ரல். அமெரிக்கா ஜெர்மனி மேல போர் தொடுத்துச்சு. ஒரே ராத்திரியில பக்கத்து வீட்டுக்காரர் எதிரி ஆயிட்டார். புளிச்ச முட்டைக்கோஸான சௌர்கிராட்டுக்கு "சுதந்திர முட்டைக்கோஸ்"னு பேர் வச்சாங்க. சின்சினாட்டியில் 1918ல தெருப் பேரையெல்லாம் மாத்தினாங்க. ஜெர்மன் தெரு இங்கிலீஷ் தெரு ஆச்சு, பிரெமன் தெரு ரிபப்ளிக் தெரு ஆச்சு. சிரிக்கிற விஷயமா தோணும். ஆனா அதே 1918 ஏப்ரல்ல, செயின்ட் லூயிஸுக்குப் பக்கத்துல கோலின்ஸ்வில்ங்கிற ஊர்ல ராபர்ட் பிராகர்ங்கிற ஜெர்மானியத் தொழிலாளியை ஒரு கும்பல் மரத்துல தூக்குல போட்டுக் கொன்னுச்சு. வழக்கு நடந்து, குற்றம் சாட்டப்பட்ட அத்தனை பேரும் விடுதலை.

அந்தக் காலத்துல ஒரு ஜெர்மன் குடும்பம் தன் பேரை மாத்திக்கிட்டிருக்கும், தேவாலயத்துல பேசற மொழியை மாத்திக்கிட்டிருக்கும். சாலட்டை மட்டும் யாரும் விடலை. அதைப் பகைச்சவங்களும் சேர்த்துச் சாப்பிட்டாங்க. வெறும் "பொட்டேட்டோ சாலட்"னா அமெரிக்கச் சாப்பாடு, அவ்வளவுதான்.

பாட்டிலுக்குள்ள வந்த மயோனைஸ்

19ஆம் நூற்றாண்டு அமெரிக்க வீடுகள்ல சாலட்டுக்கு முட்டை, வினிகர், கடுகு போட்டு அடுப்புல கிளறின ஒரு குழம்பைத்தான் நிறையப் பேர் ஊத்துவாங்க. மயோனைஸ்னா முட்டை மஞ்சக்கருவுல எண்ணெயைச் சொட்டுச் சொட்டா விட்டு அடிக்கணும். கை வலிக்கும், கொஞ்சம் அவசரப்பட்டா திரிஞ்சு போயிடும். அதனால அது பணக்கார வீட்டுச் சமாச்சாரமாவே இருந்துச்சு.

ரிச்சர்ட் ஹெல்மான்னு ஒரு ஜெர்மானியர் 1903ல நியூயார்க் வந்தார். 1905ல கொலம்பஸ் அவென்யூவில் ஒரு கடை போட்டார். கடையில மயோனைஸ் நல்லா ஓடவே, 1912ல நீல ரிப்பன் படம் போட்ட லேபிளோட பாட்டில்ல விக்க ஆரம்பிச்சார். 1927ல பெரிய கம்பெனிக்கு வித்துட்டு ஒதுங்கிட்டார். தேதிகளைக் கவனிச்சீங்களா? சௌர்கிராட்டுக்குப் பேர் மாத்தின அதே வருஷங்கள்ல, ஜெர்மன் பேர் ஒட்டின மயோனைஸ் பாட்டில் அமெரிக்க அலமாரியில ஏறிக்கிட்டிருந்துச்சு. சுவைக்கு முன்னாடி தேசபக்தி கொஞ்சம் கண்ணை மூடிக்கும் போல :-)

தெற்கே இன்னொரு கதை. தென் கரோலினாவின் கிரீன்வில்லில் யூஜினியா டியூக்ங்கிற அம்மணி, 1917ல பக்கத்து ராணுவ முகாம் சிப்பாய்களுக்கு சாண்ட்விச் செஞ்சு வித்தாங்க. சாண்ட்விச்சைவிட அதுல தடவின மயோனைஸைத்தான் எல்லாரும் கேட்டாங்க. அதையே தொழிலாக்கி, 1929ல ஒரு கம்பெனிக்கு வித்தாங்க. சர்க்கரை சேர்க்காத டியூக்ஸ் மயோனைஸ் இன்னிக்கும் தென் மாநிலங்கள்ல ஒரு மதம் மாதிரி. இந்த மொத்தக் கதையில பேர் தப்பிப் பிழைச்ச ஒரு சில பெண்கள்ல இவங்க ஒருத்தர்.

மஞ்சள் நிற மஸ்டர்டையும் சொல்லிடறேன். ஃபிரெஞ்ச்ஸ் கம்பெனி 1904ல செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் அதை அறிமுகப்படுத்தினாங்க. அந்தப் பளிச் மஞ்சளுக்குக் காரணம் கடுகு இல்லீங்க, நம்ம மஞ்சள் தூள்தான்! தென் மாநில பொட்டேட்டோ சாலட்டுக்கு அந்த நிறம் கொடுக்கறது இதுதான்.

பேரை மறைச்சவங்க

தென் மாநிலங்கள்ல வெள்ளைக்கார முதலாளி வீட்டுச் சமையலறையில நின்னது யாருன்னு கேட்டா, 1865 வரைக்கும் பெரும்பாலும் அடிமைகளா இருந்த கறுப்பினத்தவர். அதுக்கப்புறமும் ரொம்ப காலம் கூலிக்கு அவங்கதான். முதலாளியம்மா பேர்ல அச்சான சமையல் புத்தகங்கள்ல இருக்கிற பக்குவம் எவ்வளவு இவங்களோடது! 1866ல மலிண்டா ரஸ்ஸல்ங்கிற கறுப்பினப் பெண் மிச்சிகனில் தன் சொந்தப் பேர்ல ஒரு சமையல் புத்தகம் போட்டாங்க. அப்படித் தெரிய வந்ததுல முதல் புத்தகம் அதுதான். ஆனா நூறு வருஷத்துக்கு மேல அது யார் கண்ணுலயும் படாம கிடந்து, அண்மைக் காலத்துலதான் வெளிச்சத்துக்கு வந்துச்சு. டோனி டிப்டன்-மார்ட்டின் 2015ல எழுதின "த ஜெமைமா கோட்" இந்த மாதிரி மறைஞ்ச சமையல் புத்தகங்களைத் தேடி எடுத்து ஒரே இடத்துல வச்சிருக்கு.

1865 ஜூன் 19ல டெக்சஸின் கால்வெஸ்டனில், அடிமைகள் எல்லாரும் விடுதலைன்னு ராணுவ ஆணை படிச்சாங்க. அடுத்த வருஷத்துலேருந்து அந்த நாளை விருந்து போட்டுக் கொண்டாட ஆரம்பிச்சாங்க. அதுதான் ஜூன்டீன்த். 2021ல தேசிய விடுமுறையும் ஆச்சு. 1910லிருந்து 1970 வரைக்கும் சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டு சிகாகோ, டெட்ராய்ட், லாஸ் ஏஞ்சலஸ்னு கிளம்பினப்போ, அந்த விருந்தும் மூட்டையோட போச்சு. வழியில ஹோட்டல்ல உள்ள விட மாட்டாங்கன்னு சாப்பாட்டையும் டப்பாவுல கட்டிக்கிட்டுத்தான் ரயிலேறினாங்க. அப்படிப் போய்ச் சேர்ந்த நகரத்துல, நகரப் பூங்கா மேஜையில விரிஞ்ச ஊர்ச் சாப்பாடுதான் குக்-அவுட். கடுகு, அவிச்ச முட்டை, இனிப்பு ஊறுகாய், மேல பாப்ரிகா தூவின பொட்டேட்டோ சாலட் அதுல ஒரு நிரந்தர உறுப்பினர்.

இந்த இடத்துல ஜார்ஜியா கில்மோரைப் பத்திச் சொல்லியே ஆகணும். அலபாமாவின் மான்ட்கோமரியில் ஒரு உணவகத்துச் சமையல்காரம்மா. 1955 டிசம்பர்ல ரோசா பார்க்ஸ் கைதானதும் பேருந்துப் புறக்கணிப்பு ஆரம்பிச்சது. 381 நாள். அவ்வளவு நாளும் ஜனங்களைக் கார்லயும் வேன்லயும் ஏத்தி இறக்கணும். பெட்ரோலுக்குப் பணம்? கில்மோரும் அக்கம்பக்கத்துப் பெண்களும் கேக், பை, வறுத்த கோழி சாண்ட்விச்னு செஞ்சு வித்து, வாராவாரம் கூட்டத்துல பணத்தைக் கொண்டு வந்து கொடுத்தாங்க. செஞ்சவங்க பேர் தெரிஞ்சா வெள்ளைக்காரங்க வீட்டு வேலை போயிடும், குடியிருக்கிற வீடும் போகலாம். அதனால அந்தக் குழுவுக்கு "எங்கிருந்தோ வந்த சங்கம்"னு அர்த்தம் வர்ற பேரையே வச்சாங்க. பணம் எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டா, எங்கேருந்தோ. கில்மோர் மட்டும் ஒளியல. மார்ட்டின் லூதர் கிங் மேல நடந்த வழக்குல சாட்சி சொன்னதுக்காக வேலையை இழந்தாங்க. கிங் ஊக்கம் கொடுக்க, வீட்டுலயே சமைச்சுப் போட ஆரம்பிச்சாங்க. போராட்டத் தலைவர்கள் கூடிப் பேசற இடமா அந்தச் சாப்பாட்டு மேஜை ஆச்சு. 1990 மார்ச்ல அவங்க இறந்த அன்னிக்குக் காலையிலகூட, அணிவகுப்பு நினைவுநாளுக்கு வர்ற ஜனங்களுக்காகச் சமைச்சுக்கிட்டுதான் இருந்தாங்க.

இப்போ அந்தக் கேள்வியை மறுபடி கேட்டுப் பாருங்க. தலைமுறை தலைமுறையா சமைச்சவங்க பேரை அடுத்தவங்க அழிச்சாங்க, இல்லைன்னா தாங்களே மறைச்சுக்க வேண்டி வந்துச்சு. அப்படிப்பட்ட ஜனங்க தங்கள் சொந்த மேஜையில, "இதை யாரு பண்ணினது?"ன்னு பேரைக் கேட்டுட்டுத்தான் சாப்பிடுவோம்னு சொல்றதுல எனக்கு ஒரு நியாயம் தெரியுது.

நம்பிக்கைன்னு ஒண்ணு

கேள்விக்கு இன்னொரு பக்கமும் இருக்கு, உயிர் சம்பந்தப்பட்டது. 2015 ஏப்ரல்ல ஒஹையோவின் லான்காஸ்டர்ல ஒரு தேவாலயத்துல, ஆளுக்கொரு பண்டம் கொண்டு வந்த கூட்டு விருந்து. 77 பேர் சாப்பிட்டாங்க. 29 பேருக்கு பாட்டுலிசம்ங்கிற கொடிய நச்சு நோய், ஒருத்தர் இறந்துட்டார். விசாரிச்சதுல காரணம் பொட்டேட்டோ சாலட். வீட்டுலயே கண்ணாடி ஜாடியில அடைச்சு வச்ச கிழங்கை எடுத்துச் செஞ்சிருந்தாங்க. ஜாடியைப் பிரஷர் பாத்திரத்துல வைக்காம வெறும் கொதிநீர்ல வச்சதுதான் பிரச்சினை. அந்தக் கிருமியோட வித்துகள் 100 டிகிரி கொதியிலயும் சாகாது. காத்துப் புகாத ஜாடிக்குள்ள, புளிப்பில்லாத கிழங்குல, மெதுவா நஞ்சு பண்ணும். செஞ்சவங்க நல்ல மனசோடதான் செஞ்சாங்க. நல்ல மனசு மட்டும் போதாதுங்கிறதுதான் வேதனை.

அதே நேரம், வெயில்ல வச்ச சாலட் கெட்டா எல்லாரும் மயோனைஸைத் திட்டுவாங்க. கடை மயோனைஸ் பாவம். அதுல வினிகர் புளிப்பு இருக்கிறதால கிருமி சுலபமா வளராது. வளர இடம் கொடுக்கறது புளிப்பில்லாத கிழங்கும் முட்டையும். கொண்டு வந்து சேர்க்கறது பெரும்பாலும் நம்ம கைதான்.

சரி, செய்முறை

கூட வேலை பார்க்கிற நண்பரோட அத்தை ஒருத்தர் செய்யறதைப் பக்கத்துல நின்னு பார்த்துக் கத்துக்கிட்டது. அவங்க எதையும் அளக்கல, நான் குத்துமதிப்பா எழுதிக்கிட்டேன். 10 பேருக்கு வரும்.

உருளைக்கிழங்கு ஒன்றரை கிலோ. சிவப்புத் தோல் ரகம் மாதிரி மாவு குறைஞ்சதா இருந்தா துண்டு உடையாம நிக்கும். யூகான் கோல்டும் நல்லது (அது கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்துல உருவாகி 1980ல வெளிவந்த ரகம்). தோலுரிச்சு ஒரே அளவா நறுக்கி, பச்சைத் தண்ணியில போட்டு, தண்ணி கரிக்கிற அளவுக்கு உப்பு போட்டு அடுப்புல வைங்க. கொதிக்கிற தண்ணியில போட்டா வெளிய குழைஞ்சு உள்ள நறுக்குன்னு நிக்கும். வேகும்போது வினிகர் வேணாம், புளிப்பு இருந்தா கிழங்கு சீக்கிரம் வேகாது. நாம சாம்பார்ல காய் வெந்தப்புறம் புளி விடற அதே கணக்கு.

கத்தி சுலபமா இறங்கினதும் வடிச்சு, ஆவி பறக்கும்போதே 3 டேபிள் ஸ்பூன் வினிகர் தெளிச்சுப் பிரட்டுங்க. சூடா இருக்கிற கிழங்குதான் உறிஞ்சும். இந்த ஒரு வேலையை அந்தத்தை விடவே இல்லை. இது எங்கேருந்து வந்ததுன்னு நீங்க இப்போ சொல்லிடுவீங்க. தெற்கு ஜெர்மனியில செய்யறது இதேதான்.

நல்லா ஆறினப்புறம், அவிச்ச முட்டை 6, பொடியா நறுக்கின செலரித் தண்டு, வெங்காயம், இனிப்பு வெள்ளரி ஊறுகாய் 3 ஸ்பூன், மஞ்சள் மஸ்டர்ட் 2 ஸ்பூன், மயோனைஸ் ஒரு கப், மிளகுத்தூள், உப்பு. சூட்டுல மயோனைஸ் போட்டா எண்ணெய் பிரிஞ்சுடும், ஆறட்டும். மேல பாப்ரிகா. ஃபிரிட்ஜ்ல 4 மணி நேரமாவது இருந்தா சுவை ஒண்ணோட ஒண்ணு சேரும். வெளிய எடுத்தா ஐஸ் தட்டு மேல வைங்க. 2 மணி நேரத்துக்கு மேல வெளிய வேணாம். 32 டிகிரியைத் தாண்டின வெயில்னா ஒரு மணி நேரம்தான். உலர் திராட்சை? கேரன் கதை ஞாபகம் இருக்கட்டும் :-)

கடைசியா

2014ல ஒஹையோவின் கொலம்பஸ் நகரத்து இளைஞர் ஒருத்தர், பொட்டேட்டோ சாலட் பண்ணப் போறேன், 10 டாலர் வேணும்னு கிக்ஸ்டார்ட்டர்ல விளையாட்டா கேட்டார். 55,000 டாலருக்கு மேல வந்து குவிஞ்சது! பணம் கொடுத்தவங்களுக்கு அவர் சொன்ன கைம்மாறு என்ன தெரியுமா? சாலட் செய்யும்போது உங்க பேரை சத்தமா சொல்றேன்னார். உலகம் பூராவும் ஜனங்க பேரைக் கேட்கறதுக்காகவே காசு கொடுத்திருக்காங்க. அந்தப் பணத்துல பெரிய திருவிழாவா நடத்தி, பசிக்கு எதிரா வேலை செய்யறவங்களுக்குக் கொடுத்தார்.

நியாயமாப் பார்த்தா அந்தப் பட்டியல்ல முதல்ல சொல்ல வேண்டிய பேர்கள் டிட்டிகாக்கா கரையில இருந்தவங்களோடது. அது நமக்குக் கிடைக்கப் போறதில்லை. கிடைக்கிறதையாவது விடாம கேட்டு வைப்போமே. அடுத்த விருந்துல எந்தப் பாத்திரம் நல்லா இருந்தாலும் "சூப்பர்"னு சொல்றதோட நிறுத்தாம, யாரு பண்ணினதுன்னு கேளுங்க. அந்தப் பேரைக் குழந்தைங்களுக்கும் சொல்லுங்க.

டிஸ்கி: உங்க வீட்டு விருந்துல "இவங்க பண்ணினாதான் சாப்பிடுவேன்"ங்கிற அயிட்டம் எது, அதைப் பண்றவங்க யாருன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. வெறும் "மீ த ஃபர்ஸ்ட்டு" செல்லாது!